கலவையா, தூய பொருளா? வீட்டில் இருப்பதை வைத்தே பழகலாம்

பால், பித்தளை, சர்க்கரை, காற்று, கற்பூரம். இவற்றில் எது கலவை, எது தூய பொருள்? வேதியியல் படிக்கத் தொடங்கியதும் வருகிற முதல் கேள்விகளில் ஒன்று இது. பலர் விடையைப் பட்டியலாக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பட்டியலில் இல்லாத ஆப்ப சோடாவோ படிகாரமோ தேர்வில் வந்துவிட்டால் திகைத்துப் போகிறார்கள். இதற்கு மனப்பாடம் தேவையே இல்லை. எந்தப் பொருளைக் கொடுத்தாலும் அதைப் பற்றிச் சில கேள்விகளை வரிசையாகக் கேட்டால் விடை கிடைத்துவிடும்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கடையில் ‘சுத்தமான பசு நெய்’, ‘தூய தேன்’ என்று எழுதியிருந்தால், கலப்படம் இல்லை என்று அர்த்தம். வேதியியலில் தூய பொருள் என்றால் அது முழுக்க ஒரே ஒரு பொருளால் ஆனது. வேறு எதுவும் அதோடு கலந்திருக்கவில்லை. இந்தக் கணக்கில் மலைத்தேன்கூடக் கலவைதான். அதில் ஃபிரக்டோஸ், குளுக்கோஸ் என்ற சர்க்கரைகளும் தண்ணீரும் இன்னும் பலவும் இருக்கின்றன. நெய்யும் அப்படியே, பலவகைக் கொழுப்புகள் சேர்ந்தது. கலவை என்று சொல்வதால் தேனுக்கோ நெய்க்கோ எந்தக் குறையும் இல்லை.

தூய பொருளில் இரண்டு வகை: ஒரே வகை அணுக்களால் ஆன தனிமம், தனிமங்கள் மாறா விகிதத்தில் வேதிமுறையில் இணைந்த சேர்மம். கலவையிலும் இரண்டு வகை: எங்கும் ஒரே சீராகக் கலந்த ஒருபடித்தானது, அப்படிச் சீராகக் கலக்காத பலபடித்தானது. இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் இவற்றை மூலகம், சேர்வை, ஏகவினம், பல்லினம் என்று அறிந்திருப்பீர்கள். எந்தப் பொருளும் இந்த நான்கு அறைகளில் ஒன்றில் போய் உட்காரும்.

முதல் படி: எதைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று உறுதிசெய்யுங்கள்

‘தண்ணீர்’ என்றால் எந்தத் தண்ணீர்? வேதியியல் புத்தகம் சொல்லும் நீர், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம். குழாயில் வருவது அந்த நீரோடு கால்சியம், மெக்னீசியம், சோடியம் உப்புகளும் கரைந்த காற்றும் சேர்ந்த கலவை. சோதித்துப் பார்க்க விரும்பினால், ஓர் எவர்சில்வர் கரண்டியில் குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சிறு தீயில் முழுக்க வற்றவிடுங்கள். வெள்ளையாக ஒரு படலம் மிஞ்சும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் படலம் நன்றாகவே தெரியும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் இதையே செய்தால் கரண்டி ஏறக்குறையச் சுத்தமாக இருக்கும்.

உப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சோடியம் குளோரைடு ஒரு சேர்மம். நாம் வாங்கும் அயோடின் உப்பு பாக்கெட்டில் சோடியம் குளோரைடோடு ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 மில்லிகிராம் அளவில் அயோடினும், கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் இருக்கின்றன. கறாராகப் பார்த்தால் அது கலவை. பள்ளித் தேர்வில் ‘சாதாரண உப்பு’ என்று மட்டும் கேட்டால் சோடியம் குளோரைடை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறார்கள். ‘அயோடின் கலந்த உப்பு’, ‘கடல் நீர்’ என்று கேட்டால் கலவை.

இரண்டாம் படி: கண்ணால் பாருங்கள், ஆனால் கண்ணை முழுக்க நம்பாதீர்கள்

வேறுவேறு துகள்கள் கண்ணுக்கே தெரிந்தால் வேலை அநேகமாக முடிந்தது. மண், சாம்பார் பொடி, மிக்சர், கிரானைட் கல் எல்லாம் பார்த்தவுடனே பலபடித்தான கலவை என்று சொல்லிவிடலாம். ஒரு கைலென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது.

சிக்கல் ஒரே சீராகத் தெரியும் பொருள்களில்தான் வருகிறது. பாலைப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று ஒரே மாதிரி இருக்கிறது. நுண்ணோக்கியில் வைத்தால் தண்ணீரில் மிதக்கும் கொழுப்புத் துளிகள் தெரியும். எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு டம்ளரில் ஐஸ் கட்டி மிதக்கிறது. திடமும் திரவமும் தனித்தனியாகவே தெரிகின்றன. ஆனால் காய்ச்சி வடித்த நீரை உறையவைத்து எடுத்த ஐஸ், அதே நீரில் மிதந்தால் டம்ளரில் இருப்பது ஒரே சேர்மம்தான். நிலை இரண்டு, பொருள் ஒன்று. இந்த இடத்தில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

மூன்றாம் படி: விகிதம் மாறலாமா என்று கேளுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான். நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது பழகிக்கொள்ளுங்கள்: உள்ளே இருப்பவற்றின் விகிதத்தை மாற்றிய பிறகும் அந்தப் பொருளை அதே பெயரால் அழைக்க முடியுமா?

பால் பாக்கெட்டின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். சமன்படுத்திய பால் என்றால் கொழுப்பு 3 சதவீதம், நிலைப்படுத்திய பால் என்றால் 4.5 சதவீதம், நிறைகொழுப்புப் பால் என்றால் 6 சதவீதம். மூன்றையும் பால் என்றுதான் சொல்கிறோம், மூன்றிலும் காபி போடுகிறோம். விகிதம் மாறியும் பால் பாலாகவே இருக்கிறது என்றால் அது கலவை. பென்சிலும் அப்படித்தான். உள்ளே இருக்கும் குச்சி கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்தது. களிமண் கூடினால் கடினமான, வெளிறிய கோடு. கிராஃபைட் கூடினால் மென்மையான, கறுப்பான கோடு. எச்பி, 2பி என்று பென்சிலில் அச்சிட்டிருப்பது இந்த வித்தியாசத்தைத்தான்.

இப்போது நீரை எடுத்துக்கொள்ளுங்கள். 9 கிராம் நீரைப் பிரித்தால் ஏறத்தாழ 1 கிராம் ஹைட்ரஜனும் 8 கிராம் ஆக்சிஜனும் கிடைக்கும். காவிரி நீரைச் சுத்திகரித்துப் பிரித்தாலும் இமயமலைப் பனியை உருக்கிப் பிரித்தாலும் இந்த 1:8 மாறாது. ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டி ‘கொழுத்த நீர்’ செய்ய முடியாது. ஹைட்ரஜன் பெராக்சைடில் அதே இரண்டு தனிமங்கள்தான் இருக்கின்றன, ஆனால் அங்கே விகிதம் 1:16. அது நீர் அல்ல, குணமே வேறு. விகிதம் மாறியதும் பொருளே மாறிவிட்டது. இப்படி இருந்தால் அது சேர்மம்.

இந்த மாறா விகிதத்தை விதியாக நிறுவியவர் ஜோசப் புரூஸ்ட் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஸ்பெயினில் வேலை பார்த்தபோது செம்பு கார்பனேட்டைச் சோதித்தார். இயற்கையில் கிடைத்ததிலும் சோதனைச்சாலையில் தயாரித்ததிலும் செம்பின் பங்கு ஒரே அளவாக இருந்தது. பெர்தோலே என்ற இன்னொரு பெரிய வேதியியலாளர் இதை ஏற்கவில்லை. சேர்மங்களிலும் விகிதம் மாறலாம் என்று அவர் ஆண்டுக்கணக்கில் வாதாடினார். அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளில் பல உண்மையில் கலவைகள் என்று தெரியவந்தது. நாம் இன்று செய்யும் இதே வகைப்படுத்தலில்தான் அன்று அறிஞர்களே மோதிக்கொண்டார்கள். அதனால் உங்களுக்குக் குழப்பம் வந்தால் வருத்தப்பட வேண்டாம்.

ஒரு சந்தேகம் எழலாம். 916 நகையிலும் விகிதம் நிலையாகத்தானே இருக்கிறது? ஆமாம், ஆனால் அதை நிலையாக வைத்தது இயற்கை அல்ல, தர விதி. 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், அதாவது 91.6 சதவீதம். 8 கிராம் எடையுள்ள ஒரு பவுன் நகையில் 7.33 கிராம் தங்கம். மிச்சம் செம்பு, வெள்ளி போன்றவை. ஆசாரி நினைத்தால் 18 காரட்டிலும் செய்யலாம், அதில் தங்கம் 75 சதவீதம். அதுவும் தங்க நகைதான். ஆகவே நகை ஒரு கலவை. 24 காரட் நாணயத்தைத் தனிமம் என்று சொல்லலாம். அதிலும் துளி அளவு மாசு இருக்கும் என்றாலும் பாட அளவில் அது போதும். எவர்சில்வர் தட்டு (இரும்பு, குரோமியம், பெரும்பாலும் நிக்கலும்), பித்தளைக் குத்துவிளக்கு (செம்பு, துத்தநாகம்), வெண்கல உருளி (செம்பு, வெள்ளீயம்) எல்லாம் இதே வரிசையில் வருபவை.

நான்காம் படி: பிரித்துப் பாருங்கள்

வேதிவினை எதுவும் நடக்காமல், அதாவது வடிகட்டியோ தெளியவைத்தோ ஆவியாக்கியோ காந்தம் வைத்தோ பிரிக்க முடிந்தால் அது கலவை. இரும்புத் தூளையும் கந்தகத் தூளையும் கலந்து வைத்தால் காந்தம் இரும்பை மட்டும் இழுத்துக்கொள்ளும். அதையே சூடாக்கி வினைபுரிய வைத்தால் இரும்பு சல்ஃபைடு உண்டாகும்; அதற்குப் பிறகு காந்தத்தைக் கொண்டு இரும்பைப் பிரித்தெடுக்க முடியாது. இது பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் செய்ய வேண்டிய சோதனை, வீட்டில் வேண்டாம்.

வீட்டில் செய்ய மிக நல்லது மைச் சோதனை. தண்ணீரில் கரையும் கறுப்பு ஸ்கெட்ச் பேனா ஒன்று, வடிதாள் ஒன்று. தாளை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, கீழிருந்து 2 சென்டிமீட்டர் மேலே ஒரு புள்ளி வையுங்கள். டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தாளின் அடி நுனி மட்டும் நனையும்படி தொங்கவிடுங்கள். புள்ளி தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது. தண்ணீர் மேலேறும்போது பல பேனாக்களில் கறுப்பு விலகி, நீலம், ஊதா, மஞ்சள் என்று நிறங்கள் தனித்தனியாக நிற்கும். எந்தெந்த நிறம் என்பது பேனாவைப் பொறுத்தது. ஒரே நிறம் என்று நினைத்தது பல சாயங்களின் கலவை என்பதைக் கண்ணெதிரே காணலாம். வண்ணப்பிரிகை என்று பாடநூல் சொல்வது இதைத்தான்.

புள்ளி பிரியவே இல்லை என்றால்? ஒரே சாயமாக இருக்கலாம். தண்ணீரில் நகராத மையாகவும் இருக்கலாம். இந்த வேறுபாட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: பிரிந்தால் கலவை என்பது உறுதி. பிரியாவிட்டால் தூய்மை உறுதியாகிவிடாது, நாம் பயன்படுத்திய முறை போதவில்லை என்றும் இருக்கலாம்.

இதற்கு வேதியியல் வரலாற்றிலேயே அழகான சான்று இருக்கிறது. காற்றிலிருந்து ஆக்சிஜன், ஈரப்பதம், கார்பன் டை ஆக்சைடு எல்லாவற்றையும் நீக்கினால் எஞ்சுவது தூய நைட்ரஜன் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். ராலே பிரபு என்ற ஆங்கில இயற்பியலாளர் அதை எடைபோட்டார். ஒரு லிட்டர் 1.257 கிராம் இருந்தது. அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜனோ 1.250 கிராம்தான். வித்தியாசம் அரை சதவீதம். பலரும் அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கியிருக்கக்கூடிய அந்த அரை சதவீதத்தை அவர் விடவில்லை. அவரும் வில்லியம் ராம்சேயும் சேர்ந்து தேடி, 1894இல் ஆர்கான் என்ற புதிய தனிமத்தைக் கண்டுபிடித்தார்கள். நாம் ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய 1 சதவீதம் இழுக்கும் வாயு அது. 1904இல் ராலேக்கு இயற்பியலிலும் ராம்சேக்கு வேதியியலிலும் நோபல் பரிசு கிடைத்தது. தூயது என்று நம்பிய ஒன்று கலவையாக இருந்ததை ஒரு தராசு காட்டிக்கொடுத்தது.

பிரிப்பதைப் பெரிய அளவில் பார்க்க ஆசைப்பட்டால் தூத்துக்குடிக்கோ வேதாரண்யத்துக்கோ போகும்போது உப்பளத்தைப் பாருங்கள். கடல் நீரில் சுமார் 3.5 சதவீதம் உப்புகள் கரைந்திருக்கின்றன, அவை பலவகை. வெயிலில் நீர் வற்ற வற்ற எல்லா உப்பும் ஒன்றாகப் படிவதில்லை. சோடியம் குளோரைடு படியத் தொடங்கும் முன்பே ஜிப்சத்தின் பெரும்பகுதி படிந்துவிடும். அடுத்த பாத்தியில் சோடியம் குளோரைடு படிகமாகும். கடைசியில் எஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் உப்புகள் மிகுந்திருக்கும், அதை வெளியேற்றிவிடுவார்கள். எந்த அடர்த்தியில் நீரை எந்தப் பாத்திக்கு மாற்ற வேண்டும் என்பது உப்பளத் தொழிலாளிகளுக்குக் கைவந்த கலை. வேதியியலில் இதற்குப் பகுதிப் படிகமாக்கல் என்று பெயர். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியில் நீர் விட்டுக் கிடப்பதற்கு, அதில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு ஒரு முக்கியக் காரணம். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

ஐந்தாம் படி: உருகுநிலையையும் கொதிநிலையையும் கேளுங்கள்

தூய பொருள் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகும், கொதிக்கும். கடல் மட்டத்தில் தூய நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கத் தொடங்கி, கடைசித் துளி ஆவியாகும் வரை அங்கேயே நிற்கும். உப்புநீர் அப்படி நிற்காது. நீர் வற்றிக் கரைசல் அடர்த்தியாக ஆக, கொதிநிலை மேலே ஏறிக்கொண்டே போகும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் சட்டென்று ஒரே புள்ளியில் உறையாமல் கொஞ்சம் கொஞ்சமாக வெண்மையாகி இறுகுவதும், அதில் பலவகைக் கொழுப்புகள் இருப்பதால்தான்.

இந்தச் சோதனைக்கு விதிவிலக்குகள் உண்டு. எத்தனால் 95.6 சதவீதமும் மிச்சம் நீருமாக உள்ள கலவை 78.2 டிகிரியில் மாறாமல் கொதிக்கும். எத்தனை முறை காய்ச்சி வடித்தாலும் அதே விகிதத்தில்தான் வரும். ரேடியோ, டிவி பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்தும் பற்றாசுக் கம்பியில் வெள்ளீயம் 63, ஈயம் 37 என்ற விகிதமுள்ளது 183 டிகிரியில் பளிச்சென்று உருகும். இரண்டும் கலவைகள்தான். மூன்றாம் படியின் கேள்வியைக் கேட்டால் விடை தெரிந்துவிடும்: வேறு விகிதத்திலும் இவற்றைச் செய்யலாமே! பற்றாசில் 60:40ம் விற்கிறது.

ஆறாம் படி: எந்த அறை என்று முடிவுசெய்யுங்கள்

தூய பொருள் என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி எளிது. தனிம வரிசை அட்டவணையில் இருந்தால் தனிமம், இல்லாவிட்டால் சேர்மம். செம்புக் கம்பி, அலுமினியத் தாள், கந்தகம், வைரம் எல்லாம் தனிமங்கள். வைரமும் கிராஃபைட்டும் கார்பன்தான். சர்க்கரை, ஆப்ப சோடா, கற்பூரம், மயில்துத்தம் (செம்பு சல்பேட்), சுட்ட சுண்ணாம்பு எல்லாம் சேர்மங்கள். படிகாரத்தைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள், ஏனென்றால் அதில் பொட்டாசியம், அலுமினியம், கந்தகம், ஆக்சிஜன், ஹைட்ரஜன் என ஐந்து தனிமங்கள். எத்தனை தனிமங்கள் என்பது கேள்வியே அல்ல. அவை மாறா விகிதத்தில் வேதிப் பிணைப்பால் இணைந்திருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. இணைந்திருக்கின்றன, ஆகவே படிகாரம் சேர்மம்.

கலவை என்றால் ஒருபடித்தானதா, பலபடித்தானதா என்று பார்க்க வேண்டும். இதற்கு டார்ச் போதும். மூன்று கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் எடுங்கள். ஒன்றில் உப்பைக் கரையுங்கள், ஒன்றில் இரண்டு சொட்டுப் பால் விடுங்கள், மூன்றாவதில் கொஞ்சம் மண்ணைக் கலக்குங்கள். அறையை இருட்டாக்கி, செல்பேசி டார்ச்சை சிறு துளையிட்ட அட்டையால் மூடிப் பக்கவாட்டில் ஒளியைப் பாய்ச்சுங்கள். உப்புநீரில் ஒளி போகும் பாதை தெரியாது. அது உண்மைக் கரைசல், ஒருபடித்தானது. பால் கலந்த நீரில் ஒளிக்கற்றை நன்றாகத் தெரியும், அது கூழ்மம். அதன் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும் அளவுக்குப் பெரியவை, அடியில் தங்கும் அளவுக்குப் பெரியவை அல்ல. இந்த ஒளிச்சிதறலுக்கு டிண்டால் விளைவு என்று பெயர். மண் கலந்த நீரை அசைக்காமல் வைத்தால் கொஞ்ச நேரத்தில் அடியில் படியத் தொடங்கும், அது தொங்கல். கூழ்மமும் தொங்கலும் பலபடித்தானவை.

குழப்பும் ஜோடிகள்

ஆப்ப சோடா சேர்மம். பேக்கிங் பவுடர் கலவை, ஏனென்றால் அதில் சோடாவோடு அமிலத்தன்மையுள்ள உப்பும் மாவுப்பொருளும் இருக்கின்றன. வெள்ளைச் சர்க்கரை கிட்டத்தட்ட முழுக்க சுக்ரோஸ், அதைச் சேர்மமாகக் கொள்ளலாம். வெல்லத்தில் சுக்ரோஸோடு மற்ற சர்க்கரைகள், தாது உப்புகள், ஈரம் எல்லாம் உண்டு, ஆகவே கலவை. கற்பூரம் சேர்மம், சாம்பிராணி மரப்பிசின், பல பொருள்களின் கலவை. கார்பன் டை ஆக்சைடு சேர்மம். சோடா பாட்டிலில் இருப்பது அது நீரில் கரைந்த கரைசல். சமையல் எரிவாயு புரொப்பேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவை. கசிந்தால் தெரிய வேண்டும் என்று வாசனைக்காக இன்னொன்றும் சேர்க்கிறார்கள்.

பொட்டலத்தின் பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியலைப் படிக்கும் பழக்கம் இங்கே உதவும். இரண்டு பொருள் இருந்தாலே கலவை. ஒரே பெயர் இருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். நெய் டப்பாவிலும் ஒரே பெயர்தான் இருக்கும்.

ஓர் எச்சரிக்கை: எதையும் சுவைத்துப் பார்த்து வகைப்படுத்தாதீர்கள். மயில்துத்தம் பார்க்க அழகான நீலப் படிகம், ஆனால் நஞ்சு. கற்பூரத்தையும் அந்துருண்டையையும் சமையலறையில் சூடாக்கிப் பார்க்க வேண்டாம். இரண்டும் எளிதில் ஆவியாகும், ஆவியில் தீப்பிடிக்கும்.

தேர்வில் விடை எழுதும்போது பெயரை மட்டும் எழுதி விட்டுவிடாமல் காரணத்தையும் ஒரு வரி சேருங்கள். ‘பித்தளை: ஒருபடித்தான கலவை. செம்பும் துத்தநாகமும் வெவ்வேறு விகிதங்களில் சேரலாம்.’ ‘ஆப்ப சோடா: சேர்மம். சோடியம், ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் நான்கும் மாறா விகிதத்தில் வேதிமுறையில் இணைந்துள்ளன.’ இந்த அளவு போதும்.